பொருத்தம் பார்க்கும் க்வெரி

ஓர் அட்டவணையில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும்போது, அவற்றில் எந்த இரண்டு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்று கண்டுபிடிப்பது தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு அன்றாடம் வரும் தேவை. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா? வங்கிக் கணக்கில் விழுந்த வரவுக்கு நேரான பற்று எங்கே இருக்கிறது? ஒருவர் விட நினைப்பதை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? கேள்விகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வேலைதான்: ஒரு வரியை எடுத்து மற்ற வரிகளோடு பொருத்திப் பார்ப்பது. எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் இதற்கு ஐந்தாறு வரி க்வெரி, அதாவது கேள்விக் கட்டளை, போதும். ஆனால் கால் இடறும் இடங்கள் அதில் நிறைய உண்டு.

அந்த மொழியின் கதை 1970-இல் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தகவல்களை வரிகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். எந்த வரி எந்தக் கோப்பில் எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்பவர் கவலைப்பட வேண்டாம். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எடுத்துத் தருவது இயந்திரத்தின் பாடு. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் இந்த எண்ணத்துக்கு ஒரு மொழி வடிவம் கொடுத்து, அதற்கு சீக்குவல் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. 1986-இல் அமெரிக்காவிலும் 1987-இல் உலக அளவிலும் அது தர வரையறையானது. சீக்குவல் என்று அழைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நன்றாக அறிந்த மனமொத்த மாறுதல், ஜோடி தேடும் வேலைக்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. ஒரே பதவியில் இருக்கும் இருவர், ஒருவர் இடத்துக்கு மற்றவர் போகச் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்வதுதான் அது. நெல்லையில் வேலை பார்ப்பவருக்குச் சொந்த ஊர் விழுப்புரம். விழுப்புரத்தில் இருப்பவருக்கு நெல்லைக்குப் போக ஆசை. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டால் காரியம் முடிந்தது. கண்டுகொள்வதுதான் பாடு. விருப்பங்கள் எல்லாம் 'மாறுதல்' என்ற ஓர் அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது இப்படி இருக்கும். வரிசையாக எண், பாடம், இருப்பிடம், விருப்பம்:

101 | கணிதம் | திருநெல்வேலி | விழுப்புரம்
102 | கணிதம் | விழுப்புரம் | திருநெல்வேலி
103 | கணிதம் | விழுப்புரம் | திருநெல்வேலி
104 | தமிழ் | மதுரை | சேலம்
105 | தமிழ் | சேலம் | தருமபுரி
106 | தமிழ் | தருமபுரி | மதுரை
107 | அறிவியல் | கோயம்புத்தூர் | (காலி)
108 | அறிவியல் | தஞ்சாவூர் | தஞ்சாவூர்

எட்டு வரிகள்தான். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எண்பதாயிரம் வரிகள் என்றால் கண் போதாது.

இருப்பது ஒரே அட்டவணை. பொருத்திப் பார்க்க இரண்டு வேண்டும். எனவே எஸ்கியூஎல்லில் அதே அட்டவணையை இரண்டு பெயரில் கூப்பிடுகிறார்கள். ஒரே பட்டியலை இரண்டு பிரதி எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது போல. இதற்கு செல்ஃப் ஜாயின் என்று பெயர். இடதுபக்கப் பிரதி 'அ', வலதுபக்கப் பிரதி 'ஆ' என்றால் க்வெரி இப்படி அமையும் (கணினியில் கட்டளைச் சொற்களை ரோமன் எழுத்தில்தான் அடிக்க வேண்டும், படிக்க வசதியாக இங்கே அவை தமிழ் எழுத்தில்):

செலக்ட் அ.எண், ஆ.எண்
ஃப்ரம் மாறுதல் அ
ஜாயின் மாறுதல் ஆ
ஆன் அ.இருப்பிடம் = ஆ.விருப்பம்
அண்ட் அ.விருப்பம் = ஆ.இருப்பிடம்
அண்ட் அ.பாடம் = ஆ.பாடம்

'ஆன்' என்ற சொல்லுக்குப் பிறகு வருபவைதான் பொருத்தங்கள். என் ஊரை நீ கேட்க வேண்டும், உன் ஊரை நான் கேட்க வேண்டும், இருவரும் ஒரே பாடம் நடத்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் க்வெரி முறையிடாது; கேட்டதற்கு ஏற்ப ஒரு பதிலைக் கொடுத்துவிடும். மூன்றாவது பொருத்தத்தை விட்டால் கணக்கு வாத்தியார் இடத்துக்குத் தமிழாசிரியர் வந்து நிற்கக்கூடும். நிபந்தனையே இல்லாமல் இணைத்தால் எட்டு வரியும் எட்டு வரியோடு சேர்ந்து 64 ஜோடிகள் வந்து விழும்.

மேலே உள்ளபடியே ஓட்டினால் ஐந்து ஜோடிகள் வருகின்றன: 101-102, 102-101, 101-103, 103-101, 108-108. புதிதாக எழுதுபவர் திகைக்கும் இடம் இது. முதல் நான்கும் உண்மையில் இரண்டே ஜோடிகள்தான். கண்ணாடியில் தெரிவது போல ஒவ்வொன்றும் திருப்பிப் போட்டு இன்னொரு முறை வந்திருக்கிறது. ஐந்தாவது இன்னும் விசித்திரம். தஞ்சாவூரில் இருந்துகொண்டு தஞ்சாவூரையே கேட்டிருக்கும் 108, தனக்குத் தானே ஜோடியாகிவிட்டார். விண்ணப்பத்தை நிரப்பும்போது நேர்ந்த கைப்பிழையாக இருக்கலாம். பொருத்தம் எல்லாம் பத்துக்குப் பத்து சரிதான். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஆள் என்பதுதான் சிக்கல்.

பலர் இதற்கு முதலில் செய்யும் வைத்தியம், 'அ.எண்ணும் ஆ.எண்ணும் வேறாக இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது. அதில் 108 போய்விடுவார்; கண்ணாடி ஜோடிகள் அப்படியே இருக்கும். சரியான மருந்து இன்னும் சிறியது:

அண்ட் அ.எண் < ஆ.எண்

இடதுபக்க எண் எப்போதும் சிறியதாக இருக்க வேண்டும் என்றால் 101-102 நிற்கும், 102-101 விழும். எந்த எண்ணும் தன்னைவிடச் சிறியதாக இருக்க முடியாது என்பதால் 108-ம் தானே வெளியேறிவிடும். ஒரே குறியில் இரண்டு நோயும் தீர்கிறது. எஞ்சுவது இரண்டு ஜோடிகள்: 101-102, 101-103.

இனி 107. அவர் எந்த ஊர் வேண்டும் என்று எழுதவில்லை. இப்படிக் காலியாக இருக்கும் கட்டத்தை எஸ்கியூஎல் 'நல்' என்கிறது. நல் என்பது பூஜ்யமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை. 'தெரியாது' என்பதன் குறி. தெரியாததைத் தெரிந்ததோடு ஒப்பிட்டால் பதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, அதுவும் 'தெரியாது'தான். இரண்டு நல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலும் அதே கதை. ஆம் என்று தீர்மானமாகத் தெரிந்த வரிகளை மட்டுமே ஜாயின் எடுத்துக்கொள்வதால், 107 எந்த ஜோடியிலும் வரமாட்டார். அவர் மனத்தில் 'எங்கே போட்டாலும் சரி' என்று இருந்தால் இது அநியாயம். விண்ணப்பத்தை முடிக்காமல் விட்டிருந்தால் நியாயம். காலிக் கட்டத்தைப் பார்த்து இரண்டில் எது என்று எந்த க்வெரியும் சொல்லாது. எங்கும் போகச் சம்மதம் என்பதற்கு அட்டவணையில் தனியாக ஒரு குறி வைத்திருக்க வேண்டும்.

நல் செய்யும் இன்னொரு விஷமம் இதைவிட மோசம். 'யாருமே கேட்காத ஊரில் இருப்பவர்கள் யார்' என்று பட்டியல் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். இருப்பிடம், விருப்பப் பட்டியலுக்குள் இல்லை என்பதை 'நாட் இன்' என்று எழுதுவது இயல்பு. கோயம்புத்தூரை யாரும் கேட்கவில்லை. ஆகவே விடை 107 என்று வர வேண்டும். வருவதோ வெற்றுப் பட்டியல். காரணம், விருப்பப் பட்டியலில் 107 விட்ட காலி ஒன்று கிடக்கிறது. அந்தத் தெரியாத ஊர் கோயம்புத்தூராகவே இருக்கலாம் அல்லவா? எனவே 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல எஸ்கியூஎல் மறுக்கிறது. தர்க்கப்படி பிழை இல்லை. நடைமுறையில் பெரிய தொல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், அப்படி யாருமே இல்லை என்று நம்பி அறிக்கையும் போய்விடும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற சொல்லால் இதே கேள்வியைக் கேட்டால் 107 ஒழுங்காக வந்து நிற்பார். அனுபவப்பட்டவர்கள் 'நாட் இன்'னைக் கண்டாலே ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது இதனால்தான்.

இதுவரை சமக்குறியை நம்பியே எல்லாம் நடந்தது. சமக்குறிக்கு எழுத்துதான் தெரியும், ஊர் தெரியாது. ஒருவர் 'திருநெல்வேலி' என்றும் இன்னொருவர் 'நெல்லை' என்றும் எழுதினால் அதற்கு இரண்டும் வேறு வேறு ஊர்கள். கோவை, கோயம்புத்தூர், தஞ்சை, தஞ்சாவூர் என்று எழுதினாலும் இதே கதி. தூத்துக்குடிக்கு முன்னால் தட்டச்சில் விழுந்த ஒரு வெற்றிடம் கூடப் போதும், பொருத்தம் கெட. இதற்கு வழி, ஊரை எழுதவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவைப்பதும், மாவட்டத்துக்கு ஓர் எண் கொடுத்து அதைச் சேமிப்பதும். படிவத்தில் பத்து நிமிட வேலை. பின்னால் மிச்சமாவது மாதக்கணக்கான தலைவலி.

தமிழில் இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே துண்டாக வைப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் வேறு. 'கொடைக்கானல்' என்ற சொல் 'கொடைக்கானல்' என்ற சொல்லுக்குச் சமமில்லை என்று கணினி சொல்லும்போது, திரையை உற்றுப் பார்ப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறையை யூனிகோடே வகுத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் அதற்கென்றே ஒரு கட்டளையும் இருக்கிறது. ஆனால் 'ஸ்ரீ' விஷயத்தில் அந்தக் கட்டளையும் கைகொடுக்காது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டும். யூனிகோடு இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. ஸ்ரீரங்கத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அட்டவணையில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மற்றதாக மாற்றும் வேலையைத் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

ஊரை எண்ணால் குறித்துவிடலாம். ஆள் பெயரை என்ன செய்வது? ஒரே ஆசிரியர் இரண்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் ஜோடி தேடும் வேலைதான். எல்லாம் எழுத்து மாறாமல் இருந்தால் 'குரூப் பை' என்று கட்டளையிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் உள்ள குழுக்களை மட்டும் கேட்டால் முடிந்தது. ஐந்து வரிகள் ஒன்றுபோலவே இருந்தால் செல்ஃப் ஜாயின் பத்து ஜோடிகளைக் கொட்டும். 'குரூப் பை' ஒரே வரியில் ஐந்து என்று சொல்லிவிடும். ஆனால் பெயர்கள் எழுத்து மாறாமல் வருவதில்லை. முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, முத்துலக்ஷ்மி. இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் இன்னோரிடத்தில், விரிந்து அப்பா பெயராக வேறோரிடத்தில்.

ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. இன்றும் பல தரவுத்தளங்களில் ஆயத்தமாக இருக்கிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு ஏற்ற அளவில் தைத்த சட்டை என்பதால் நமக்குப் பொருந்துவதில்லை. கனிமொழி என்ற பெயரின் ழகரத்தை ஒருவர் ரோமன் எழுத்தில் இசட், எச் சேர்த்து எழுதுகிறார். இன்னொருவர் எல் என்று எழுதுகிறார். சவுண்டெக்ஸ் முதலாமவருக்குக் கே552 என்றும் இரண்டாமவருக்குக் கே554 என்றும் குறி கொடுத்துப் பிரித்துவிடுகிறது. ழகரம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதே வம்பு.

சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்ன அளவு இன்னொரு வழி: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. முத்துலட்சுமியை முத்துலெட்சுமியாக்க ஒரு கொம்பு சேர்த்தால் போதும், தூரம் 1. நல்லது. செல்வனைச் செல்வமாக்கவும் ஓர் எழுத்துதான் மாற வேண்டும். அங்கும் தூரம் 1. அது பெரும்பாலும் வேறு ஆள். ஆக, தூரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கனடாவில் புள்ளியியல் துறையில் இருந்த இவான் ஃபெல்லகியும் ஆலன் சண்டரும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒத்துப்போனால் எவ்வளவு சான்று, ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு எதிர்ச்சான்று என்று எடை போட்டுக் கூட்டுவது. கூட்டுத்தொகை மேல்வரம்பைத் தாண்டினால் ஜோடி. கீழ்வரம்புக்குக் கீழே என்றால் இல்லை. நடுவில் நிற்பவற்றை ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அபூர்வமான பெயர் ஒத்துப்போவது பலத்த சான்று. ஊரெல்லாம் இருக்கும் பெயர் ஒத்துப்போவது மெல்லிய சான்று. பிறந்த தேதி ஒத்துப்போனால் பொதுவாக நல்ல எடை கொடுக்கலாம். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட தேதியோடு வாழும் தலைமுறையினர் நிறையப் பேர் உள்ள பட்டியலில், ஜூன் மாதத் தேதிக்கு அந்த எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது உத்தமம்.

இவ்வளவும் செய்ய இயந்திரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு லட்சம் வரிகளில் உண்டாகக்கூடிய வெவ்வேறு ஜோடிகள் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம். ஒவ்வொரு வரியையும் எடுத்து எல்லா வரிகளோடும் ஒப்பிட்டால் 1,000 கோடி ஒப்பீடுகள். நொடிக்குப் பத்து லட்சம் ஒப்பீடு என்ற வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். நல்லவேளையாக, சமக்குறி உள்ள க்வெரிக்கு இந்தப் பாடு தேவையில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் பிரித்துப் போடுவதைப் போல, தரவுத்தளமும் வரிகளைப் பிரித்துப் போட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் 38 பெருக்கல் 37, அதாவது 1,406. ஒரு லட்சம் விண்ணப்பங்கள் இவற்றில் சமமாகப் பரவினால் ஓர் அறைக்கு 71 பேர். நெல்லையிலிருந்து விழுப்புரம் போகும் அறையில் இருப்பவர்களை, விழுப்புரத்திலிருந்து நெல்லைக்கு வரும் அறையில் இருப்பவர்களோடு மட்டும் சேர்த்துப் பார்த்தால் போதும். மொத்த வேலை சுமார் 35 லட்சம் ஜோடிகளுக்குள் அடங்கிவிடும். இந்தப் பிரிப்புக்கு ஹாஷ் ஜாயின் என்று பெயர். எந்த க்வெரிக்கு எந்த வழி மலிவு என்று தரவுத்தளமே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. அப்படித் தேர்ந்தெடுக்கும் முறையை ஐபிஎம்மின் பட்ரீசியா செலிஞ்சரும் அவருடைய குழுவினரும் 1979-இல் எழுதிவைத்தார்கள்.

பெயர்களைத் தோராயமாகப் பொருத்தும்போது இந்த வசதி கிடைக்காது. 'கிட்டத்தட்ட ஒன்று' என்பதற்கு அறை ஒதுக்க முடியாதே. அப்போது ஒரே மாவட்டத்துக்குள் மட்டும், அல்லது ஒரே பிறந்த ஆண்டுக்குள் மட்டும் ஒப்பிடுவது என்று தாங்களே வேலி போட்டுக்கொள்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள ஜோடிகள் தப்பிப் போகும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள்.

மேலே சொன்ன 35 லட்சம் என்ற எண்ணில் வேறொரு செய்தி ஒளிந்திருக்கிறது. விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சம் பேர்; ஆகக்கூடியது 50 ஆயிரம் மாறுதல்கள்தான் நடக்க முடியும். மீதி ஜோடிகள் என்ன? நம் சின்ன அட்டவணையிலேயே விடை இருக்கிறது. 101-102, 101-103 என்று இரண்டு வந்தன. 101 ஒருவர்தான், இருவரோடும் மாறிக்கொள்ள முடியாது. க்வெரி தருவது யார் யாருக்குப் பொருந்துவார் என்ற பட்டியல். யாருக்கு யார் என்று முடித்துவைப்பது வேறு வேலை. முதல் பட்டியலையே முடிவு என்று எடுத்துக்கொண்டு ஒரே ஆளுக்கு இரண்டு உத்தரவு போடுவது, இந்தத் துறையில் சகஜமான தவறுகளில் ஒன்று.

எளிய வழக்குகளுக்கு அழகான தீர்வு உண்டு. ஒவ்வொரு அறையிலும் இருப்பவர்களைப் பணிமூப்புப்படி வரிசையில் நிறுத்தி 1, 2, 3 என்று எண் கொடுப்பது. 2003-ஆம் ஆண்டுத் தர வரையறையில் வந்த 'ரோ நம்பர்' என்ற வசதி அதைச் செய்துதரும். பிறகு ஜாயினில் வரிசை எண்ணும் சமமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. இரண்டு வரிசைகள் எதிரெதிரே நிற்கின்றன. முதலாமவர் முதலாமவரோடு, இரண்டாமவர் இரண்டாமவரோடு கைகோத்துப் போகிறார்கள். பணிமூப்பில் 102 முந்தியவர் என்றால் 101-102 என்ற ஒரே ஜோடி வரும், 103 காத்திருப்பார். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பிலும் இதே உத்திதான். ஒரே நாளில் 500 ரூபாய் பற்று இரண்டும் 500 ரூபாய் வரவு இரண்டும் இருந்தால் வெறும் ஜாயின் நான்கு ஜோடிகள் தரும். வரிசை எண்ணோடு சேர்த்தால் இரண்டு.

ஒருவர் மூன்று நான்கு ஊர்களை விருப்பமாகக் கொடுக்கலாம் என்றால் இந்த உத்தி நொறுங்கிவிடும். க-வுக்கு ச பொருந்துகிறார். ச-வுக்குத் த-வும் பொருந்துகிறார். த-வுக்குப் ப-வும் பொருந்துகிறார் என்று வைத்துக்கொண்டால், அவசரப்பட்டு ச-த ஜோடியை முதலில் முடித்துவைத்தவர் க-வையும் ப-வையும் அந்தரத்தில் விட்டுவிடுகிறார். க-ச, த-ப என்று சேர்த்திருந்தால் நால்வருக்கும் இடம் கிடைத்திருக்கும். ஆகக்கூடுதலான ஜோடிகளை நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்கும் முறையை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் கொடுத்தார். அதை எஸ்கியூஎல்லில் எழுத மல்லுக்கட்ட வேண்டாம். பொருந்தும் ஜோடிகளை க்வெரியில் எடுத்து, சேர்த்துவைக்கும் வேலையை வேறு நிரலிடம் கொடுப்பதே வழக்கம்.

104, 105, 106 மூவரும் இன்னும் பேசப்படவில்லை. மதுரைக்காரருக்குச் சேலம் வேண்டும், சேலத்தில் இருப்பவருக்குத் தருமபுரி, தருமபுரியில் இருப்பவருக்கு மதுரை. இருவர் இருவராகப் பார்த்தால் யாருக்கும் ஜோடி இல்லை. மூவரும் சுற்றி மாறிக்கொண்டால் மூவருக்கும் கிடைத்துவிடுகிறது. அட்டவணையை மூன்று முறை கூப்பிட்டு, அ-வின் விருப்பம் ஆ-வின் இருப்பிடம், ஆ-வின் விருப்பம் இ-யின் இருப்பிடம், இ-யின் விருப்பம் அ-வின் இருப்பிடம் என்று வளையமாகக் கோத்தால் இதுவும் அகப்படும். ஒரே வளையம் தொடங்கும் இடத்தைப் பொறுத்து மூன்று முறை வரும். பழைய ஞாபகத்தில் அ < ஆ < இ என்று நிபந்தனை போட்டால் அங்கே ஒரு குழி. சேலத்துக்காரர் 106 ஆகவும் தருமபுரிக்காரர் 105 ஆகவும் பதிவாகியிருந்தால் வளையம் 104, 106, 105 என்று போகும். எங்கிருந்து தொடங்கினாலும் எண்கள் ஏறுவரிசையில் அமையாது. வளையமே காணாமல் போகும். அ.எண் மற்ற இரண்டையும்விடச் சிறியது என்று மட்டும் கேட்பதே சரி.

சிறுநீரக மாற்று சிகிச்சையிலும் இதே அட்டவணை, இதே வளையம். கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க மனைவி தயார். ரத்த வகை சேரவில்லை. இன்னொரு குடும்பத்திலும் அதே நிலை. இங்கே கணவர் ஏ, மனைவி பி. அங்கே நோயாளி பி, கொடுப்பவர் ஏ என்றால் இரு குடும்பங்களும் மாற்றிக்கொள்ளலாம். ஃபெலிக்ஸ் ராப்பபோர்ட் 1986-இல் முன்வைத்த இந்த யோசனை 1991-இல் தென் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011-இல் வந்த திருத்தம் இதற்கு இடம் கொடுத்தது. இங்கே ஜாயினில் சமக்குறி போதாது. ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏபி வகைக்காரர் எல்லோரிடமும் வாங்கலாம். எனவே யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற சிறு அட்டவணை ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாக இணைக்க வேண்டும். பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், டைஃபுன் சோன்மெஸ், உட்கு உன்வெர் மூவரும் 2004-இல் இதற்கு முறையான வழி வகுத்தார்கள். 2012-இல் நோபல் பரிசு பெற்ற ராத்தின் பணிகளில் இதுவும் ஒன்று. இரண்டு குடும்பங்களின் பரிமாற்றம் மட்டும் என்றால் எட்மண்ட்ஸ் வழியில் சுலபமாகத் தீரும். மூன்று குடும்ப வளையங்களையும் சேர்த்துக்கொண்டால், ஆகக்கூடுதலானவர்களுக்குப் பலன் கிடைக்கும் சேர்க்கையைக் கண்டுபிடிக்க எப்போதும் விரைந்து முடிக்கும் முறை எதையும் இதுவரை யாரும் காணவில்லை.

இருவர் பரிமாற்றம் என்றால் நான்கு அறுவை சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் பொது வழக்கம். ஒரு பக்கம் வாங்கிக்கொண்டபின் மறுபக்கம் பின்வாங்கிவிடக் கூடாது. தரவுத்தளத்திலும் இந்த ஜாக்கிரதை உண்டு. 101-ஐ விழுப்புரத்துக்கும் 102-ஐத் திருநெல்வேலிக்கும் மாற்றுவது இரண்டு தனித்தனிக் கட்டளைகள். முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்கும்முன் மின்சாரம் போனால், விழுப்புரத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு கணக்கு வாத்தியார். நெல்லையில் வகுப்புக்கு ஆளில்லை. அதனால் இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, கடைசியில் 'கமிட்' என்று சொன்ன பிறகே நிலைக்கும்படி எழுதுகிறார்கள். இடையில் எது நின்றாலும் இரண்டுமே நடக்காதது போல ஆகிவிடும். கமிட் ஆனபின், மாறுதல் கிடைத்த இருவர் வரிகளையும் நீக்கிவிட்டு மறுபடி அதே க்வெரியை ஓட்டினால் வெற்றுப் பட்டியல் வரும். விழுப்புரத்தில் 103, நெல்லையிலிருந்து இன்னொரு விண்ணப்பம் வரும்வரை காத்திருப்பார்.